உருமாறும் பெண்களும் ஆவடி குவார்ட்டர்ஸும்

அப்பா ஜப்பானிலிருந்து திரும்பிய அன்று எங்கள் குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றார்கள். எண்பதுகளின் நடுவில் நடந்தது அது. எனக்குப் பத்து வயது, தங்கை தூளியில் கிடந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை ஒரு ஜப்பான் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்திருந்தது. புது இயந்திரத்தை ஓட்டிப் பழகிவரச் சில பேரை அனுப்பினார்கள். அப்பா அதில் ஒருவர்.

வெளிநாடு போனவர் என்ன கொண்டுவர வேண்டும் என்பதில் அந்தக் காலத்து ஆவடிக்குத் தெளிவு இருந்தது. வாட்ச், டேப் ரெக்கார்டர், நைலக்ஸ் புடவை, சென்ட் பாட்டில். அப்பாவின் அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே வந்தவை: ஒரு பழைய வீடியோ டெக், அதற்குக் கரண்டைக் குறைத்துக் கொடுக்க அம்மிக்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், மூன்று கேசட். கேசட்டில் இருந்தது சிறுமிகளுக்கான கார்ட்டூன். அங்கே அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த சூப்பர்வைசரின் மகள் வளர்ந்துவிட்டாளாம். 'உங்கள் மகள் பார்க்கட்டும்' என்று இடுப்புவரை குனிந்து கொடுத்தாராம். அவ்வளவு குனிகிற மனிதரிடம் எப்படி வேண்டாம் என்பது என்று அப்பா கேட்டார்.

"இத்துக்காய்யா கடல் தாண்டிப் போன?" என்றாள் அம்மா. வாசலில் நின்றவர்கள் மெல்லக் கலைந்தார்கள்.

குவார்ட்டர்ஸ் அம்மாவின் பெயரில் இருந்தது. அவள் கரையான்சாவடிக்காரி, ராணுவத்துக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருந்தாள். அதனால் அப்பாவை அங்கே எல்லோரும் "அந்தம்மா ஊட்டுக்காரரு" என்றுதான் குறிப்பிடுவார்கள். ஜப்பான் போய்வந்ததில் அவர் அந்தஸ்து உயர்ந்தது உண்மை. அதன் பிறகு அவர் "ஜப்பான் போய்ட்டு வந்த அந்தம்மா ஊட்டுக்காரரு" ஆனார்.

எங்களிடம் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. அந்த ஊர்ப் படம் நம் ஊர் டிவியில் நிற்காமல் மேலே மேலே உருண்டு ஓடியது. டிவிக்குப் பின்னால் ஒரு திருகு இருக்கும். அதை விரலால் பிடித்துக்கொண்டே இருந்தால் படம் நிற்கும். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கேசட்டுகளில் ஒன்றைக்கூட அப்பா முன்பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

முதல் கேசட் பழையது. மந்திர தேசத்திலிருந்து ஒரு சின்னப் பெண் பூமிக்கு வந்து ஒரு சாதாரண வீட்டில் தங்குகிறாள். அவளுக்கு மந்திரம் தெரியும் என்பது யாருக்கும் தெரியக் கூடாது. பாஷை எங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் புரியாமல் போகும்படி அதில் எதுவும் இல்லை. காணாமல் போன நாய்க்குட்டியைக் கண்டுபிடிப்பாள். வீட்டுப் பாடத்தைப் பென்சில் தானாக எழுதும். உடைந்த தட்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

"இம்மாம் சக்திய வச்சிகினு பாத்திரம் கழுவுது பாரு," என்றாள் அம்மா. "தலை வேற நரைச்சுப் போச்சு, பாவம்."

அந்தப் பெண்ணின் முடி உண்மையில் என்ன நிறம் என்று எங்களுக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளையில் அது வெள்ளையாகத் தெரிந்தது. அதிக மந்திரம் போட்டால் இள நரை வரும் என்று நான் ரொம்ப நாள் நம்பினேன்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அந்த ஆன்ட்டியின் கணவர் டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆன்ட்டி இரண்டாம் நாளே வந்துவிட்டார்.

"யம்மா, பிள்ளைக்கு இதைக் காட்டாதீங்க. மந்திரம்னா யாருக்க வேலை? சாத்தானுக்க வேலையாக்கும்."

"தட்டு கழுவுறதா சாத்தான் வேலை?" என்று அம்மா கேட்டாள். "அப்டின்னா நான் எத்தினி வருசமா சாத்தானுக்கு வேல செஞ்சிகினு கீறேன், தெர்லியே."

ஆன்ட்டி யோசித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது சரியில்லை என்றார். பார்ப்பதற்கு உட்கார்ந்தார். அன்றிலிருந்து, கண்காணிப்பதற்காக, தினமும் சரியாக அந்த நேரத்துக்கு வந்தார். தாமதமானால் முதலிலிருந்து ஓட்டச் சொன்னார்.

இரண்டாவது கேசட்தான் என் வாழ்க்கையைக் கெடுத்தது. இதில் வருகிறவள் மந்திர தேசத்துப் பெண் அல்ல. என்னைப் போல ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், என்ன, ஜப்பானில் பிறந்துவிட்டாள். அணில் மாதிரி ஒரு பிராணி அவளுக்கு ஒரு கைக்கண்ணாடி கொடுக்கிறது. கண்ணாடியைப் பார்த்து ஏதோ சொன்னால் நட்சத்திரங்கள் சுற்றும், ரிப்பன்கள் பறக்கும், அவள் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பதினெட்டு வயதுப் பெண்ணாகிவிடுவாள். உயரம், ஹீல்ஸ், தரையைத் தொடும் கவுன். அப்படியே மேடைக்குப் போய்ப் பாடுவாள். எல்லோரும் கை தட்டுவார்கள். திரும்பி வந்து சிறுமியாகித் தன் அம்மாவிடம் திட்டு வாங்குவாள்.

பத்து வயதில் எனக்கு இருந்த ஒரே லட்சியம் பத்து வயதாக இல்லாமல் இருப்பது. மந்திரத்தைச் சரியான காரியத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்த ஒருத்தி கடைசியில் வந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. முதல் கேசட்காரியைப் பார்த்து இப்போது எனக்கே பரிதாபமாக இருந்தது.

அம்மாவுக்கு இந்தக் கேசட் பிடிக்கவில்லை. கோபமே வந்தது.

"ஜிப்பு எங்க கீது? ஊக்கு எங்க கீது? இடுப்புல தையலே இல்ல. எப்டி உள்ள பூந்துச்சு அது?"

"மந்திரம்மா," என்றேன்.

"மந்திரம்னா தையல் வோணாமா? நிறுத்துய்யா, திரும்பப் போடு."

அப்பா திருகை விட்டுவிட்டு ரீவைண்டு செய்தார். படம் உருண்டது. அம்மா அந்த உருமாற்றத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கவுன் ஏமாற்றித் தப்பித்தது. மூன்றாவது கேசட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சூப்பர்வைசர் அதை அழித்துவிட்டு மல்யுத்தப் போட்டி பதிவு செய்திருந்தார். அது அவருக்கே தெரியாது போலிருக்கிறது. ஆன்ட்டிக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இருக்கவில்லை.

அந்தப் பொங்கலுக்குக் குவார்ட்டர்ஸ் நலச்சங்கம் மாறுவேடப் போட்டி வைத்தது. நான் அந்தப் பெண்ணாகப் போவேன் என்றேன். சும்மா வேடம் போட்டுக்கொண்டு போவது எல்லோரும் செய்வது. நான் மேடையிலேயே மாறுவேன்.

அம்மா முதலில் முடியாது என்றாள். சாயந்திரம் பூந்தமல்லி கடைத்தெருவுக்குப் போய் ரோஸ் நிற லைனிங் துணி வாங்கி வந்தாள். எனக்காக என்று சொல்ல முடியாது. கவுனுக்கும் அவளுக்கும் இருந்த கணக்கு அது.

வேலை முடிந்து வந்து வீட்டு மெஷினில் உட்கார்ந்துகொள்வாள். திட்டம் இதுதான்: மேலே பள்ளிக்கூடச் சட்டையும் பாவாடையும். அவற்றின் ஓரங்களை எல்லாம் பிரித்து, ஒரே நூலில் லேசாக ஓட்டுத் தையல் போட்டிருப்பாள். உள்ளே ரோஸ் கவுன், மடித்து இடுப்பில் முடிச்சு. அந்த ஒரு நூலை நான் இழுத்தால் மேல் உடை கழன்று விழும், முடிச்சு அவிழ்ந்து கவுன் கணுக்கால் வரை இறங்கும். வீட்டில் மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம், மூன்று தடவையும் அப்படியே நடந்தது. ஆன்ட்டி கண்காணிக்க வந்தவர் கை தட்டிவிட்டு, தட்டிய கையைப் பார்த்துக்கொண்டார்.

போட்டியன்று அப்பா ஒரு துண்டுச் சீட்டில் 'மந்திரப் பெண்' என்று எழுதி மைக் பிடித்திருந்தவரிடம் கொடுத்தார். அவர் வெல்டிங் பிரிவுக்காரர். மேடையில் கம்பீரமாக வாசித்தார்:

"அடுத்ததாக, மந்திரிப் பெண்!"

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் பள்ளிக்கூடச் சீருடையில் மேடையேறினேன். கண்ணாடியை நீட்டி, ஜப்பான் பாஷை என்று நான் நம்பிய ஏதோ ஒன்றைச் சொன்னேன். மந்திரியின் பெண் தமிழ் பேசவில்லை என்பதைக் கூட்டம் குறித்துக்கொண்டது. பின்னால் யாரோ "கான்வென்ட்டுபா" என்றார்கள். ஒரு சுற்றுச் சுற்றி நூலை இழுத்தேன். நூல் அறுந்து என் கையோடு வந்துவிட்டது. சட்டை சட்டையாகவே இருந்தது. இன்னொரு சுற்றுச் சுற்றினேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் நடு மேடையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முன் வரிசையிலிருந்து அம்மா எழுந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையேறி வந்தாள். இடுப்பிலிருந்து நூல்கத்திரியை எடுத்தாள்.

"ஆடாம நில்லு," என்றாள், மைக்கில் விழும் அளவுக்கு.

தோளில் ஒரு வெட்டு, விலாவில் ஒரு வெட்டு, பாவாடையில் ஒரு வெட்டு. சட்டையை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். முடிச்சை அவிழ்த்துக் கவுனை இறக்கி, மடிப்பைத் தட்டிவிட்டு, தொங்கிய நூலைப் பல்லால் கடித்தாள். முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். பிறகு குனிந்தபடி ஓரமாக ஒதுங்கி நின்றாள். கவுன் தரையைத் தொட்டது. ஜிப், ஊக்கு, இடுப்புத் தையல் எல்லாம் அதில் இருந்தன.

விசில் பறந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை. அப்பா பிற்பாடு விளக்கினார். கூட்டம் பார்த்தது இதைத்தான்: மந்திரியின் பெண்ணுக்குத் தானாக உடை மாற்றத் தெரியாது, அதற்கும் ஒரு ஆள் வர வேண்டும், மூக்கைத் துடைக்கவும் ஆள் வேண்டும். நடுவராக வந்திருந்த அதிகாரியின் மனைவி, துணிச்சலான அரசியல் கருத்து என்று பாராட்டி எங்களுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார். முதல் பரிசு, அட்டையில் பீரங்கி வண்டி செய்து அதற்குள் நுழைந்து வந்த பையனுக்கு. அந்த ஊரில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது.

பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா கேட்டாள்:

"அப்ப நான் மந்திரி ஊட்டு வேலைக்காரியா?"

"நடிப்பு நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க," என்றார் அப்பா.

"நான் எங்கய்யா நடிச்சேன்?"

பதினெட்டு வயது எனக்கும் வந்தது. நட்சத்திரம் எதுவும் சுற்றவில்லை. பட்டப் படிப்பு முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆனேன். காலையில் புடவை, ஊக்குகள், டிபன் பாக்ஸ், ஓட்டமாய் ஓடி மின்சார ரயில். கண்ணாடிக்கு முன்னால் நின்று நானும் தினம் ஒரு தடவை பெரியவளாக உருமாறிக்கொண்டிருந்தேன். கை தட்டத்தான் ஆளில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் வீட்டுக்குக் கேபிளும் கலர் டிவியும் வந்தன. தங்கைக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு சாயந்திரம் நான் வேலையிலிருந்து வரும்போது அவளும் அவள் சிநேகிதிகள் மூன்று பேரும் டிவி முன்னால் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு கும்பல் பெண்கள் வரிசையாக உருமாறிக்கொண்டிருந்தார்கள். அதே ரிப்பன், அதே சுற்று. இப்போது ஆங்கிலம் பேசினார்கள். ஒருத்திக்கு முடி ரோஸ் நிறம், ஒருத்திக்கு நீலம்.

"இத்துக்கு நரையே தேவலை," என்றாள் அம்மா.

ஆனால் உருமாறி முடிந்ததும் அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். ஒரே தினுசு மடிப்புப் பாவாடை, ஒரே காலர், ஆளுக்கொரு நிறப் பட்டை.

"அட, யூனிபார்மு!"

அவள் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள். தரையைப் பெருக்கும் கவுன் போய் ஒழுங்கான, அளவெடுத்த, ஒரே மாதிரி உடை வந்துவிட்டது. பாவாடை குட்டை என்பதைக்கூட அவள் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடுகிற வேலைக்கு அப்படித்தான் வெட்ட வேண்டும் என்றாள். தினமும் ஒரு பூதம் வரும். இவர்கள் கூடுவார்கள், உருமாறுவார்கள், ஆளுக்கொரு வசனம் பேசி அதை அடித்து நொறுக்குவார்கள், வீட்டுக்குப் போய்ப் பரீட்சைக்குப் படிப்பார்கள்.

"டூட்டிக்குப் போற பொண்ணுங்க," என்றாள் அம்மா. "ஆனா சம்பளம் எவன் தரான்னு காட்ட மாட்டேங்கிறான். லீவும் இல்ல, சங்கமும் இல்ல."

எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என் காலத்துப் பெண் தட்டுத் தடுமாறிப் பெரியவளாக ஆசைப்பட்டாள். இவர்களுக்குப் பெரியவர்களாகும் எண்ணமே இல்லை. சிறுமிகளாகவே இருந்துகொண்டு உலகத்தைக் காப்பாற்றினார்கள். உலகத்தை அவ்வளவு காப்பாற்றுவது எனக்குக் கொஞ்சம் மிகையாகப் பட்டது. தங்கையிடம் அதைச் சொன்னேன்.

"உன் படத்துல அவ என்னக்கா பண்ணா?" என்று கேட்டாள்.

"பாடுவா."

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான்.

தங்கையும் சிநேகிதிகளும் ஒரு படையானார்கள். டியூஷனுக்குப் போகும் வழியில் மைதானத்து ஓரமாகச் சில பையன்கள் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்து வழி மறிப்பார்கள். சடையை இழுப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள். பூதம் கிடைத்துவிட்டது. ஒருநாள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தபோது தங்கை பள்ளிச் சீருடையிலேயே ஒரு மண் மேட்டில் ஏறி நின்று, காலை அகட்டி, கையை நீட்டி, டிவியில் வரும் வசனத்தை முழுசாகச் சொன்னாள். பையன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து தரையில் உருண்டு சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் மற்ற மூன்று பேரும் வரிசையாக நின்ற எல்லா சைக்கிளிலும் காற்றைப் பிடுங்கி, வால்வு ட்யூபுகளைக் கழற்றிச் சாக்கடையில் போட்டிருந்தார்கள். ஒரு துரத்தலும் நடந்தது.

அன்று மாலையே ஒரு பையனின் அப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா முழுவதையும் கேட்டாள். தங்கையைக் கூப்பிட்டாள்.

"யூனிபார்மு கிழிஞ்சிச்சா?"

"இல்லம்மா."

"அப்ப இன்னா பிரச்சினை?" என்று வந்தவரைக் கேட்டாள்.

"வால்வு ட்யூபும்மா..."

"உன் புள்ள சடைய இஸ்த்தானே, அத்த யாரு மாட்டிக் குடுப்பா?"

அவர் போய்விட்டார். பையன்கள் மைதானத்தின் அந்தப் பக்கத்துக்கு மாறிக்கொண்டார்கள். டிவியாக இருந்தால் இத்தோடு பாட்டு வந்துவிடும். ஆனால் சிநேகிதிகளில் ஒருத்தியின் அப்பாவுக்கு விஷயம் போனது. பெண் தெருவில் சண்டை போடுகிறாள் என்று அவர் அவளுடைய டியூஷனை நிறுத்திவிட்டார். சாயந்திரத்தில் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. சடையை இழுத்த பையன்களில் யாருக்கும் டியூஷன் நின்றதாகக் கேள்விப்படவில்லை.

தங்கை ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போதாததற்கு அதே வாரம் டிவியிலும் நிலைமை மோசமானது. என் காலத்துக் கேசட்டில் யாருக்கும் காய்ச்சல்கூட வராது. இதில் அந்தப் பெண்கள் பனிமலையில் ஒவ்வொருத்தியாக விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் மிச்சம் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. இருட்டில் தங்கை அழுதாள். கண்காணிப்பை இன்னும் கைவிடாத ஆன்ட்டி அவள் தலையைத் தடவி, "நான் ஜெபிக்கேன் மக்களே," என்றார். யாருக்காக ஜெபித்தார் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை டிவியைப் போட்டால் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். செத்தவர்கள் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். ஆன்ட்டி எழுந்து நின்றுவிட்டார்.

"முதல் பாகத்துலேருந்து மறுபடி போடுறாங்க," என்று நான் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. தங்கை செருப்பைக்கூட மாட்டாமல் அந்தச் சிநேகிதியின் வீட்டுக்கு ஓடினாள். அவளால் வெளியே வர முடியாது. ஆகவே படை அவள் வீட்டுக்குப் போயிற்று. அன்றிலிருந்து நான்கு பேரும் அங்கேதான் பார்த்தார்கள்.

அந்த அப்பாவுக்கு அதே நேரத்துக்குத்தான் வேலை முடியும். ஒரே அறை, ஒரே டிவி. நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்தார். முதலில் பேப்பர் படித்தாராம். பிறகு பேப்பரை மடித்தாராம். நான் ஒருநாள் தங்கையை அழைத்துவரப் போயிருந்தபோது அவர் கன்னத்தில் கை வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா," என்று தங்கையைக் கேட்டார், "இதுல அந்தப் புள்ளைங்களோட அப்பாலாம் எங்க? ஒருத்தரும் வந்து கேக்கறதில்லையே?"

"அப்பாலாம் வர மாட்டாங்க அங்கிள்," என்றாள் தங்கை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவங்களுக்குத் தெரியாது."

ஜூனில் பள்ளி திறந்ததும் அவர் மகளை மறுபடி டியூஷனுக்கு அனுப்பினார். நான்கு பேரும் முன்னால் கை கோத்து நடக்க, அவர் பத்தடி பின்னால் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே போவார். ஒரு வாரம் அப்படிப் போனார். அப்புறம் வெயில் தாங்கவில்லை என்று சொல்லிப் போவதை நிறுத்திக்கொண்டார்.